இரண்டு சேனைகள் என்னும் கற்பிதம்

பாலின அடையாளத்தைப் பற்றிப் பெண்ணியவாதிகளிடையே எழுந்துள்ள அபிப்பிராய பேதங்களை பிரிட்டிஷ் பத்திரிகைகளின் வாயிலாக மட்டுமே அறிந்துகொண்டவர் எவராயினும், அவர் கார்டியன் படிப்பவராயினும் டெலிகிராப் படிப்பவராயினும், ஏறக்குறைய ஒரே சித்திரத்தைத்தான் மனத்தில் வரைந்து வைத்திருப்பார். ஒரு பக்கம் பெண்கள், மறுபக்கம் திருநர். இருவருக்கும் நடுவே யுத்தம். அந்த யுத்தத்தில் 2025 ஏப்ரல் 16 அன்று லண்டன் உச்ச நீதிமன்றம் ஒரு தரப்பாருக்கு ஜயத்தை அளித்தது என்பதே அச்சித்திரம். நியாயம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதில்தான் அவ்விரு பத்திரிகைகளும் மாறுபடுகின்றனவே தவிர, நடப்பது யுத்தம் என்பதிலும், சேனைகள் இரண்டுக்கு மேல் இல்லை என்பதிலும் அவற்றிடையே பூரண ஒற்றுமை நிலவுகிறது. பரம்பரை விரோதிகள் இருவர் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனால் அதை மெய்யென்று கொள்வது உலக வழக்கம். எனக்கோ அப்போதுதான் சந்தேகம் பிறக்கிறது.

இந்தச் சர்ச்சைக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது என்பதைப் பெரும்பாலான செய்திகள் சொல்வதே இல்லை. 1973 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்துப் பல்கலைக்கழக வளாகத்தில் லெஸ்பியன் பெண்களின் மாநாடு ஒன்று கூடியது. அதன் ஏற்பாடுகளில் பங்கெடுத்தவரும், மேடையில் பாட இருந்தவருமான பெத் எலியட் என்னும் திருநங்கையைப் பாட விடலாகாது என்று சிலர் கிளம்பியபோது, கூடியிருந்தோரிடம் அங்கேயே வாக்கெடுக்கப்பட்டது; பாடட்டும் என்றவர்களே பெரும்பான்மையோர். அவர் பாடினார். பிரதானச் சொற்பொழிவு ஆற்ற வந்த ராபின் மார்கனோ அவரைச் சற்றும் தயை தாட்சணியமின்றித் தாக்கிப் பேசினார். மறித்தவர்களும் பெண்ணியவாதிகள், பாடட்டும் என்று கை தூக்கியவர்களும் பெண்ணியவாதிகள், தாக்கியவரும் தாக்கப்பட்டவரும் அவ்வாறே. இதில் பெண்களின் கட்சி எது, திருநரின் கட்சி எது என்று கோடு கிழிக்கப் புகுகிறவர், மண்டபத்தின் நடுவில் ஒரு கோடு கிழித்துவிட்டு எழுந்து வர முடியாது. ஒவ்வொரு வரிசையிலும், அடுத்தடுத்த நாற்காலிகளுக்கு இடையிலும் அவர் கிழித்துக்கொண்டே போக வேண்டியிருக்கும்.

அதற்கு அடுத்த ஆண்டு, தீவிரப் பெண்ணியம் எனப்படும் பிரிவின் மிகக் கடுமையான குரல்களுள் ஒன்றாகப் பின்னாளில் பிரசித்தி பெற்ற ஆண்ட்ரியா டுவார்க்கின், தம் முதல் நூலிலேயே, பால் மாற்றம் நாடுவோருக்கு அறுவைச் சிகிச்சை உட்பட வேண்டிய உதவிகளைச் செய்துகொடுப்பது சமூகத்தின் கடமை என்று எழுதினார். 1979இல் அதே பிரிவைச் சேர்ந்த ஜேனிஸ் ரேமண்ட், திருநங்கையரைப் பெண்களின் உலகத்துக்குள் ஊடுருவி வந்தவர்களாகச் சித்திரித்து ஒரு முழுப் புத்தகம் வெளியிட்டார். அப்புத்தகத்தில் பெயர் சொல்லித் தாக்கப்பட்ட சாண்டி ஸ்டோன், ஒலிவியா ரெக்கார்ட்ஸ் என்ற பெண்களே நடத்திய இசைத்தட்டு நிறுவனத்தில் ஒலிப்பதிவுப் பொறியாளராகப் பணியாற்றிய திருநங்கை; அவர் ஆத்திரப்படாமல், அவசரப்படாமல், பல ஆண்டுகள் கழித்து எழுதிய மறுமொழி 1991இல் அச்சேறியபோது அதிலிருந்து ஒரு கல்வித்துறையே கிளைத்தது. டுவார்க்கினோடு சேர்ந்து 1983இல் மினியாபோலிஸ் நகரத்துக்காக ஆபாச வெளியீடுகளுக்கு எதிரான சட்ட நகலைத் தயாரித்த காதரின் மக்கினனை எவரும் மிதவாதி என்று அழைத்ததில்லை; அந்த மக்கினன் 2022இல் ஆக்ஸ்ஃபர்டுக்கு வந்து, திருநரின் சமத்துவ உரிமைகளுக்குப் பெண்ணியத்திலிருந்தே நியாயம் எடுத்துக் காட்டிப் பேசினார். தீவிரப் பெண்ணியவாதி என்றாலே திருநருக்கு எதிரி என்று எழுதப் பழகிவிட்ட நிருபர்களுக்கு டுவார்க்கினையும் மக்கினனையும் எங்கே உட்கார வைப்பது என்று தெரியாது. ஆகவே அவர்கள் உட்கார வைப்பதே இல்லை.

வாதத்தின் சாரத்துக்கு வந்தால் நிலைமை இதைவிடச் சிக்கலானது. பெண் என்பவள் உடலால் பெண்ணா, சமூகம் சுமத்திய தாழ்ந்த ஸ்தானத்தால் பெண்ணா என்பது ஒரு கேள்வி. பால் மாற்றத்தை அங்கீகரிக்கும் சான்றிதழ் வழங்கும் முறையை அரசாங்கம் எளிதாக்கலாமா என்பது வேறொரு கேள்வி. சிறைச்சாலை, விளையாட்டுப் போட்டி, அடிபட்ட பெண்களுக்கான அடைக்கல இல்லம் ஆகிய மூன்றுக்கும் ஒரே விதி பொருந்துமா என்பது மற்றொன்று. ஒருத்தி சான்றிதழ் முறை எளிதாக வேண்டும் என்றும், ஓட்டப் பந்தயத்தில் மட்டும் உடலைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்றும், அடைக்கல இல்லங்கள் அந்தந்த இடத்து அனுபவத்தைக் கொண்டு தாமே தீர்மானிக்கட்டும் என்றும் நினைக்கலாம். இப்படி நினைக்கும் பெண்கள் ஏராளம். அவர்களுக்குப் பத்திரிகைகளில் இடம் கிடைப்பதில்லை. நைஜீரிய நாவலாசிரியை சிமமாண்டா அடிச்சி, 2017 மார்ச்சில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், திருநங்கையரின் அனுபவமும் பிறப்பு முதல் பெண்ணாக வளர்ந்தவர்களின் அனுபவமும் ஒன்றல்ல என்ற பொருளில் ஒரு வாக்கியம் சொல்லி, திருநரின் உரிமைகளைத் தாம் ஆதரிப்பதாகவும் பின்னர் விளக்கமாக எழுதினார். அந்த ஒரு வாக்கியம் உலகத்தைச் சுற்றி வந்தது. விளக்கத்தைத் தேடிப் படித்தவர்கள் சொற்பம்.

கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 2015 நவம்பரில் பெண்ணியவாதி ஜெர்மேன் கிரீர் உரையாற்ற இருந்தார். தலைப்பு, பெண்களும் அதிகாரமும் பற்றி இருபதாம் நூற்றாண்டு புகட்டிய பாடங்கள். திருநங்கையரைப் பற்றி அவர் முன்னரே உரைத்த கடுஞ்சொற்களைக் காட்டி, அவரை அழைக்கக் கூடாதென்று ஒரு மாணவி மனு தயாரிக்க, ஆயிரக்கணக்கானோர் அதில் ஒப்பமிட்டனர். பல்கலைக்கழகம் இணங்கவில்லை, உரை, போலீஸ் காவலுடன், குறித்தபடி நடந்தேறியது. வாரக்கணக்கில் பத்திரிகைகள் அலசியது அவர் பேச அனுமதிக்கப்படுவாரா மாட்டாரா என்பதையே. பேசிய பிறகு அவர் பெண்களையும் அதிகாரத்தையும் பற்றி என்ன சொன்னார் என்பதில் அந்த ஆவலில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. சேவற்கட்டுக்குப் போனவன் சேவலின் ஜாதகத்தையா விசாரிப்பான்? எது குத்திற்று, எது விழுந்தது என்பதே அவனுக்குப் போதும். பத்திரிகைகள் நம்மையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டன.

பி.பி.சி.யின் செயல் ஒன்றைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். 2021 அக்டோபரில் அதன் இணையச் செய்திப் பிரிவு, சில திருநங்கையர் தங்களை உடலுறவுக்கு நிர்ப்பந்திப்பதாக லெஸ்பியன் பெண்கள் சிலர் கூறியதை ஒரு நீண்ட கட்டுரையாக வெளியிட்டது. தான் யாரை விரும்புவது என்பது ஒரு பெண்ணின் தனியுரிமை. அதில் கட்சிக் கொள்கையோ கோஷமோ தலையிட முடியாது. ஆகவே எழுப்பப்பட்ட விஷயம் அற்பமானதன்று, ஆற அமர விவாதிக்கத் தக்கதே. ஆனால் கட்டுரைக்கு ஆதாரமாக எண்ணிக்கை தேடியவர்கள் கண்டெடுத்ததோ, இதில் முன்பே ஒரு கட்சியை வரித்துக்கொண்ட இயக்கம் ஒன்று 80 பேரிடம் நடத்திய விசாரணை. எண்பது பேர்! ஒரு கலியாண வீட்டில் முதல் பந்திக்குக்கூட அதிகம் பேர் உட்காருவார்கள். அடுத்த ஆண்டில் பி.பி.சி.யின் முறையீட்டுப் பிரிவே, தலைப்பு தவறான எண்ணத்தை உண்டாக்குவது என்றும், அந்த விசாரணையைக் கையாண்ட விதம் நிறுவனத்தின் நெறிக்குக் குறைவானது என்றும் ஒப்புக்கொண்டது. இதனால் நஷ்டமடைந்தவர்கள் இரு வகையினர்: குற்றவாளிகளைப் போல் காட்டப்பட்ட திருநங்கையர் ஒரு வகையினர், மெய்யாகவே ஒரு குறை இருந்தும், அதைச் சொல்லப் போன இடத்தில் அதற்கே இழுக்குத் தேடிக்கொண்ட பெண்கள் மற்றொரு வகையினர்.

முற்போக்குப் பத்திரிகைகள் இதைவிட நன்றாக நடந்துகொண்டன என்று நினைப்பவர்கள் கார்டியனின் சரித்திரத்தைப் பார்க்கட்டும். 2018 அக்டோபரில் அப்பத்திரிகை, பால் அங்கீகாரச் சட்டத் திருத்தத்தைப் பற்றி, உரிமைகள் ஒன்றோடொன்று மோதக்கூடும் என்று மிதமாகத் தலையங்கம் தீட்டியது. சில வாரங்களுக்குள் அதன் அமெரிக்கக் கிளை எழுத்தாளர்கள் அதே பத்திரிகையில் அத்தலையங்கத்தைக் கண்டித்து எழுதினார்கள். இதுவரை உத்தமம், ஒரு பத்திரிகை தன்னோடு தானே பகிரங்கமாக வாதாடுவதைக் காட்டிலும் ஆரோக்கியமான காட்சி வேறென்ன? ஆனால் அந்த வழக்கம் நீடிக்கவில்லை. 2020 மார்ச்சில் அதன் பத்தி எழுத்தாளர் சுசான் மூர் பெண்கள் ஒன்றுகூடிப் பேசும் உரிமையைப் பற்றிப் பத்தி எழுதியபின், ஊழியர் 338 பேர் ஒப்பமிட்ட கடிதம் ஒன்று, அவர் பெயரைக் குறிப்பிடாமலே, ஆசிரியரிடம் சென்றது. அவ்வாண்டு இறுதிக்குள் மூர் விலகினார். எழுத்துக்கு எழுத்தால் பதில் சொல்லும் தொழிலில் இருப்பவர்கள் 338 பேர் கூடி, அவர்களுள் ஒருவர் உட்கார்ந்து ஆயிரம் சொற்களில் மறுப்பு எழுதியிருந்தால் வாசகனுக்கு லாபமாயிருந்திருக்கும். நிர்வாகத்துக்கு எழுதும் கடிதத்தில் வாசகனுக்குப் பங்கில்லை.

அடுத்த ஆண்டு நேர்ந்தது இன்னும் விசித்திரம். 2021 செப்டம்பரில் அதே பத்திரிகையின் அமெரிக்கப் பதிப்பு, தத்துவ அறிஞர் ஜுடித் பட்லரின் பேட்டியை வெளியிட்டது. பால் என்பது உடலில் வேரூன்றியது என வாதாடும் பெண்ணியவாதிகள், தெரிந்தோ தெரியாமலோ, பாசிசப் போக்குகளுக்குத் துணை போகிறார்கள் என்பது பட்லர் தந்த பதில்களுள் ஒன்றின் சாரம். கேள்வியில் லாஸ் ஏஞ்சலீஸ் குளியல் விடுதிச் சம்பவம் ஒன்று குறிப்பிடப்பட்டிருந்தது. அச்சம்பவத்தைப் பற்றிப் புதிய தகவல்கள் வெளிவந்துவிட்டன என்று காரணம் காட்டி, கேள்வியோடு பதிலையும் சேர்த்துப் பத்திரிகை நீக்கிவிட்டது. பதிலில் அந்தச் சம்பவம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கேள்வியைத் திருத்தித் தரத் தாம் முன்வந்ததாகப் பேட்டி கண்டவரும் கூறினார். பட்லரின் குற்றச்சாட்டு மிகையானது என்பது என் அபிப்பிராயம்: அவர் கைகாட்டியவர்களுள் தொழிற்சங்கத்திலும் இடதுசாரி இயக்கத்திலும் ஆயுளைக் கழித்தவர்கள் பலர், உழைக்கும் வர்க்கத்தின் சரித்திரத்தை எழுதிய செலினா டாட் அவர்களுள் ஒருவர். ஆயினும் மிகையான குற்றச்சாட்டுக்குப் பரிகாரம் அதை உரியவர்கள் மறுப்பதே. நீக்கியதனால் நடந்தது என்ன? பட்லரின் பதில் தடைசெய்யப்பட்ட வசனத்துக்குரிய மகிமையோடு கைக்குக் கை மாறியது. டாட்டைப் போன்றவர்கள் அதே பக்கத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டிய அவசியமும் சந்தர்ப்பமும் ஒருங்கே போயின.

நம்மவர்கள் இந்த விஷயத்தில் ஒரு காலத்தில் மேலான பழக்கம் கொண்டிருந்தார்கள் என்று சொல்லாமல் அப்பால் செல்ல மனம் வரவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரை இயற்றிய அருணந்தி சிவாசாரியார், தம் சித்தாந்தத்தைச் சொல்லப் புகுமுன் பரபக்கம் என்ற பகுதி முழுவதையும் பிற மதத்தாருக்கே ஒதுக்கினார். உலோகாயதனுக்கு முதலிடம் கொடுத்து, அவன் கட்சியை அவனே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துரைத்த பிறகே மறுக்கத் தொடங்கினார். உலோகாயதனிடம் அவருக்கு அனுதாபம் இருந்ததென்று யாரும் சொல்லமாட்டார்கள். மறுப்பதற்குரிய யோக்கியதை, எதிரியின் வாதத்தைச் சரியாகச் சொல்லத் தெரிவது என்று அவர் காலத்து வாதியர் நினைத்தார்கள், அவ்வளவுதான்.

இங்கே, விவாதமே கூடாது என்பவர்களின் கட்சியை நானும் அதற்குரிய பலத்தோடு சொல்லியாக வேண்டும். அவர்கள் கூறுவது இது: ஒரு மனிதப் பிறவி இருக்கலாமா கூடாதா என்பதை வாரந்தோறும் பத்திகளில் ஓட்டுக்கு விடுவது விவாதமாகாது, வதையாகும். இதற்கு அவர்கள் காட்டும் சாட்சியமும் பொய்யன்று. லங்காஷயரில் ஆக்ரிங்டன் என்ற சிற்றூரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்த ஒரு திருநங்கை, பால் மாறியது பற்றிப் பள்ளி பெற்றோருக்கு அறிவித்த பிறகு, 2012 டிசம்பரில் தேசியப் பத்திரிகைகளின் கண்ணில் பட்டார்; டெய்லி மெயிலின் பத்தி எழுத்தாளர் ஒருவர் அவர் அந்த வேலைக்கே தகாதவர் என்ற தொனியில் எழுதினார். சில மாதங்களில் அவர் தற்கொலை செய்துகொண்டார். அவர் மரணத்தை விசாரித்த அதிகாரி, மன்றத்தில் இருந்த பத்திரிகையாளர்களை நோக்கி, நீங்கள் வெட்கப்பட வேண்டும் என்ற கருத்தில் கண்டனம் உரைத்தார். விவாதம் என்ற பெயரால் இத்தகைய வேட்டை இனியும் நடக்கலாகாது என்று ஒருவர் சொன்னால், அவரோடு எனக்கு வழக்கில்லை.

ஆனால் ஒரு தனி மனிதரை வேட்டையாடுவதைத் தடுக்கச் சொன்ன நியாயத்தைக் கொண்டு, ஒரு சட்டத்தைப் பற்றிப் பேசுவதையும் தடுக்கப் பார்ப்பது எந்த நியாயம்? 2018இல் பிரிட்டிஷ் அரசாங்கம் பால் அங்கீகாரச் சட்டத்தைத் திருத்தலாமா என்று பொதுஜனங்களிடம் கருத்துக் கேட்டது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் பதில் எழுதினர். நாட்டையே அழைத்து அபிப்பிராயம் கேட்டுவிட்டு, அபிப்பிராயம் சொல்ல வாயைத் திறந்தவர்களை, இது பேசத்தக்க விஷயமே அன்று என்று அடக்குவது ஜனநாயகத்தில் நடக்கிற காரியமா? அந்தச் சமயத்தில்தான் பெண்கள் கூட்டிய கூட்டங்கள் சிலவற்றுக்கு மண்டபக்காரர்கள் இடம் மறுத்தார்கள். ஹேஸ்டிங்ஸ் நகரில் வெடிகுண்டு மிரட்டலும் வந்தது. பேச்சை மறித்ததனால் திருநருக்குப் பாதுகாப்புக் கிடைத்திருந்தால் என் வாயை நானே மூடிக்கொள்வேன். கிடைத்தது வேறு: நிதானமாகப் பேசக்கூடிய பெண்கள் அஞ்சி ஒதுங்கிய இடத்தில், நிதானம் என்பதே அறியாதவர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

அதற்காக, பெண்களின் வாய் அடைக்கப்பட்டுவிட்டது என்று தேசியப் பத்திரிகைகளின் முதல் பக்கத்திலிருந்து முழங்குகிறவர்களையும் நான் விட்டுவிடுவதாக இல்லை. பத்திரிகைத் தர நிர்ணய அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, திருநர் சம்பந்தமான செய்திகள் அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் நானூறு விழுக்காடு பெருகியிருந்தன. இதை மௌனம் என்று எந்த அகராதி சொல்லும்? உண்மையில் துன்புற்றவர்கள் உண்டு. மாயா ஃபார்ஸ்டேட்டர், பால் என்பது உடலில் வேரூன்றியது என்ற தம் கருத்துகளால் வேலை இழந்தார், தத்துவப் பேராசிரியை காத்லீன் ஸ்டாக் 2021இல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. இவர்கள் விஷயத்தில் நடந்தது அநியாயம் என்றே நான் கருதுகிறேன். ஆனால் ஃபார்ஸ்டேட்டர் வழக்கையே பாருங்கள். 2019இல் கீழ் விசாரணை மன்றம் அவருடைய நம்பிக்கை ஜனநாயக சமூகத்தில் மதிப்புக்கு உரியதன்று என்றது. 2021இல் மேல்முறையீட்டு மன்றம் அதைத் தள்ளி, அந்நம்பிக்கைக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்றது. அதே தீர்ப்பில், திருநரை அவர்கள் ஏற்காத பாலால் அழைத்து வதைப்பதற்கு இது அனுமதிச் சீட்டாகாது என்றும் எழுதப்பட்டிருக்கிறது. அவரைக் கொண்டாடியவர்களும் தூற்றியவர்களும், இந்த இரண்டாம் பாதியை நினைவூட்டுவதில் சம அளவில் சோம்பல் காட்டினார்கள்.

இனி 2025 தீர்ப்பு. நீதிமன்ற வாசலில் பெண்கள் ஷாம்பேன் போத்தலைத் திறந்து ஆர்ப்பரிக்கும் படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. வழக்கு எதிலிருந்து முளைத்தது என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? ஸ்காட்லாந்தில் அரசு வாரியங்களின் நிர்வாகப் பொறுப்பற்ற உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று 2018இல் ஒரு சட்டம் வந்தது. அந்தக் கணக்கில் யார் யாரைச் சேர்ப்பது என்பதே மூலப் பிரச்சினை. அது வளர்ந்து, பால் அங்கீகாரச் சான்றிதழ் பெற்ற திருநங்கை 2010 சமத்துவச் சட்டத்தின்படி பெண்ணா என்ற கேள்வியாக உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. வழக்கு நடந்த காலத்தில் நாடு முழுவதும் அச்சான்றிதழ் பெற்றிருந்தவர்கள் சுமார் 8,500 பேர். ஐந்து நீதிபதிகளும் ஒருமுகமாக, அச்சட்டத்தில் பெண் என்பது பிறப்பால் அமைந்த உடலையே குறிக்கிறது என்றனர். திருநருக்குப் பாகுபாட்டிலிருந்தும் தொல்லையிலிருந்தும் அதே சட்டம் அளிக்கும் பாதுகாப்பு குறையவில்லை என்றும் தெளிவுபடுத்தினர். தீர்ப்பின் சுருக்கத்தை வாசித்த ஹாட்ஜ் பிரபு, இதை ஒரு சாரார் மற்றொரு சாராரின் மீது பெற்ற ஜயமாகக் கொள்ள வேண்டாம் என்று மன்றத்திலேயே எச்சரித்தார். மறுநாள் தலைப்புகள் அந்த ஜயத்தையே பறைசாற்றின. தாமே நீதிபதியாக இருந்த திருநங்கையான விக்டோரியா மெக்ளவுட் இடையீட்டாளராக வாதாட அனுமதி கேட்டும் ஏற்கப்படாமல் போனது நீதிமன்றத்தின் குறை என்று நான் நினைக்கிறேன். இதை எழுதுவதால் தீர்ப்பை எதிர்ப்பவனாகவும், முந்திய பத்தியில் ஸ்டாக்குக்காகப் பரிந்ததால் தீர்ப்பை ஆதரிப்பவனாகவும் நான் ஒரே கட்டுரையில் வகைப்படுத்தப்படுவேன் என்பதையும் அறிவேன்.

தீர்ப்பு 88 பக்கம். எவரும் காசின்றிப் படிக்கலாம். படிப்பவர்கள் அதில் யுத்தத்தைக் காணமாட்டார்கள். ஒரு சட்டத்தின் சொற்களைத் துருவித் துருவி ஆராயும் பொறுமையைக் காண்பார்கள். பத்திரிகாசிரியர்களிடம் என் விண்ணப்பம் பெரிதன்று. பெண்ணியவாதிகள் இவ்விஷயத்தில் மாறுபட்டதாக அடுத்த செய்தி வரும்போது, யார் யாரை எங்கே பேச விடவில்லை என்பதைக் கடைசிப் பத்திக்குத் தள்ளிவிட்டு, நீங்கள் கண்டிக்கப் போகும் கட்சி எதுவோ அதன் வாதத்தை, அக்கட்சியார் படித்துவிட்டு எங்கள் கருத்து இதுதான் என்று ஒப்பமிடக்கூடிய வாக்கியங்களில், முதல் பத்தியிலேயே அச்சிடுங்கள். அதன் பிறகு எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் கண்டியுங்கள்.